ஒரு மாதம் போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: அக்கா, நான் சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாத விடுமுறையில் நேபாளம் போய், காத்மாண்டு பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரம் தங்கி, இரண்டு முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறேன். போக்குவரத்துச் செலவு தனி. கட்டணம் மட்டும் 60,000 ரூபாய். 10,000 முன்பணம் கட்டிவிட்டேன். அம்மா வேண்டாம் என்கிறார், ஏன் என்று கேட்டால் ‘ரொம்ப தூரம்’ என்கிறார். எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர். போகலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: போகாதே தங்கச்சி. தூரத்துக்காகச் சொல்லவில்லை, ஈரோட்டிலிருந்து காத்மாண்டு ஒன்றும் எட்டாத ஊர் இல்லை. குழந்தைகள் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறாய் பார், அதை அப்படியே நம்புகிறேன், நம்புவதால்தான் போகாதே என்கிறேன்.

நானும் போயிருக்கிறேன். உன் வயதுதான், மூன்று வாரம், அதே காத்மாண்டு பக்கம். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று என் இடுப்பில் ஏறிக்கொண்டது, ‘தீதி, தீதி’ (அக்கா, அக்கா) என்று கன்னத்தைத் தடவியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்திரி பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டும்போது அது என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ‘கஹிலே ஜானே?’ எனக்குப் புரியவில்லை. எப்போது கிளம்புவாய் என்று கேட்கிறது என்றார் சமையல் செய்யும் அம்மா. என் பெயரை அது கடைசி வரை கேட்கவே இல்லை. எத்தனை தீதிகள் வந்து போயிருந்தால் அந்த வயதில் இந்தக் கேள்வி முதலில் வரும்? நான் கிளம்பிய அன்று அது அழவும் இல்லை, ஜீப்பிலிருந்து இறங்கிய அடுத்த பெண்ணின் இடுப்பில் ஏறிக்கொண்டது.

வீட்டில் வளரும் குழந்தை புது ஆளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும், கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வரும். யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிற குழந்தைக்கு, ஓடி ஒளிய ஒரு முந்தானை இல்லை என்று அர்த்தம். ருமேனியாவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு ஆய்வு இதை நுணுக்கமாகப் பார்த்தது. புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, வருடக்கணக்கில் கவனித்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் ஒருவரோடு நெருங்கிப் பழகக் கற்றுக்கொண்டார்கள், அதற்குப் பிறகு போனவர்களுக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. நீ போகப்போவதும் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம்தான். நான்கு வாரம் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்துவிட்டு நீ வந்துவிடுவாய். மறுபடி ஒரு ஆள் போய்விட்டது என்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

அடுத்த விஷயம் இதைவிடக் கனமானது. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள் என்றுதானே நினைத்திருப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நேபாள இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ, பலருக்கு இருவருமே, உயிரோடு இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போர்க் காலத்தில், ஹும்லா மாதிரி சாலையே எட்டாத மலை மாவட்டங்களில் தரகர்கள் வீடு வீடாகப் போனார்கள். ‘நகரத்தில் நல்ல பள்ளியில் சேர்க்கிறேன், சண்டையிலிருந்தும் தப்பிக்கும்’ என்று சொல்லிப் பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்து வந்து, பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் தயாரித்து இல்லங்களில் விட்டார்கள். போர் முடிந்தும் இந்தத் தொழில் நிற்கவில்லை. இல்லங்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று வரைபடத்தில் பார், காத்மாண்டு, பொக்காரா, சித்வான். வெளிநாட்டார் வரும் இடங்கள். உன் 60,000 மாதிரிப் பணம் வந்துகொண்டே இருக்க, அந்த இல்லங்களில் குழந்தைகள் இருந்தாக வேண்டும், வீட்டுக்கு அனுப்பினால் வருமானம் போச்சு. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே இல்லங்களில் வெளிநாட்டார் செய்யும் தன்னார்வப் பணியால் குழந்தைகளுக்கு வரும் கேட்டைப் பற்றித் தீர்மானம் போட்டது.

எல்லா இல்லமும் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், மனசார நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உன் விண்ணப்பத்தில் என்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பார். போலீஸ் சான்று கேட்டார்களா? உங்கள் தெரு பால்வாடிக்கு எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து, நான்கு வாரம் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறேன் என்றால் அந்த டீச்சர் உள்ளே விடுவாரா?

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே எழுது. தராவிட்டால் போகட்டும், 10,000 போனதற்காக மீதி 50,000-ஐயும் கட்டாதே. நேபாளம் போகத்தான் ஆசை என்றால், இல்லத்துப் பிள்ளைகளைத் தேடிப் பெற்றோரிடம் சேர்க்கும் அமைப்புகள் அங்கே இருக்கின்றன; படிப்பு முடிந்தபின் அவர்களுடைய அலுவலகத்தில் கோப்பு எழுத, கணக்குப் பார்க்க, பணியாளர்களுக்குப் பயிற்சி தரப் போ. அதுவரை உன் ஊரிலேயே, ராத்திரி அம்மாவிடம் போய்ப் படுக்கும் பிள்ளைகள் வரும் ஒரு மாலை வகுப்பில், சனிக்கிழமைதோறும் ஒரு வருடம் முழுக்க உட்கார முடியுமா என்று பார்.

கேள்வி: மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். பள்ளிப் பயணமாகக் கம்போடியா போகிறார்கள். சியம் ரீப்பில் ஒரு பிற்பகல் மட்டும் ஆதரவற்றோர் இல்லத்தில் ஆடிப்பாடி, நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு வருவார்களாம். ஒரு பிற்பகல்தானே, என்ன கெட்டுவிடும்?
– ஒரு தந்தை, சிங்கப்பூர்

பதில்: உங்கள் மகனுக்கு அது ஒரு பிற்பகல்தான். அந்தப் பிள்ளைகளுக்கு நேற்றும் ஒரு பேருந்து வந்தது, நாளைக்கும் வரும். வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு அதே பாட்டைப் பாட வேண்டும். யுனிசெஃப் கணக்குப்படி 2005 முதல் 2010 வரை கம்போடியாவில் இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. அந்த ஐந்து வருடத்தில் பெருகியது சுற்றுலாப் பயணிகள் கூட்டம்தான். அந்தப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ இருந்தார்கள். ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்ல’ என்று 2011-இலேயே அங்கே ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். பயணத்தை நிறுத்த வேண்டாம், அங்கோர் வாட்டை நன்றாகப் பார்க்கட்டும். அந்த ஒரு பிற்பகலை மட்டும் மாற்றச் சொல்லி ஆசிரியருக்கு எழுதுங்கள். நம் பள்ளிக்கு முன்சொல்லாமல் நாற்பது வெளிநாட்டார் வந்து, பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தால் அனுமதிப்பீர்களா என்று கடிதத்தில் கேளுங்கள்.