கொலுசுப் பட்டறையை மூடலாமா?

நண்பரே, வெள்ளி விலை ஏறி ஆர்டர் பாதியாகிவிட்டது, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையை மூடிவிட்டு மளிகைக்கடை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். காசு இறுகினால் சனம் கொலுசைத் தள்ளிப்போடும், அரிசி பருப்பைத் தள்ளிப்போடாது, அது சரிதான். ஆனால் மளிகையில் லாபம் மெலிசு, கடன் சொல்பவர்களும் அப்போதுதான் கூடுவார்கள்.

உங்களை நெருக்குவது முதலீட்டுப் பணம் முடங்குவதுதான். விலை இரட்டித்தால் அதே 5 கிலோ வெள்ளிக் கட்டிக்கு இரண்டு மடங்கு பணம் வேண்டும். வட்டிக்கு வாங்கிச் சரக்கு போட்ட பிறகு விலை சரிந்தால் நஷ்டம் உங்கள் தலையில். கொஞ்ச நாள் வியாபாரி தரும் வெள்ளியில் கூலிக்கு மட்டும் செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கூலித் தொகைக்கு மட்டும் 5 சதவீதம், வெள்ளி விலைக்கு இல்லை. சேதாரம் எவ்வளவு என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பற்றவைக்கும் பழைய ஆட்களை விட்டுவிடாதீர்கள். தீபாவளி ஆர்டர் வரும்போது அப்படிக் கை கிடைக்காது.