‘திங்கட்கிழமை வர வேண்டாம்’ என்று சொன்னால்: வேலைநீக்கமும் சம்பளக் குறைவும், வாசகர் கேள்விகள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு ஆண்டுகளாகப் பவர் டேபிள் டெய்லராக இருந்தேன். சென்ற சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, ‘திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்’ என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். கடிதம் எதுவும் தரவில்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கடிதம் தராமல் விட்டதன் நோக்கத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நாளை சமரசப் பேச்சுவார்த்தையில், ‘நாங்கள் அவரை நீக்கவில்லை, அவராகத்தான் நின்றுகொண்டார்’ என்றே நிர்வாகம் சொல்லும். இப்படிப்பட்ட வழக்குகளில் நான் அதிகம் கேட்ட பதில் இதுதான். ஆகவே, எந்தத் தேதியில் யார் என்ன சொல்லி நிறுத்தினார்கள் என்பதையும், வேலை செய்ய நீங்கள் இன்றும் ஆயத்தமாக இருப்பதையும் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு உடனே ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கடந்த பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்தவரை, அவர்மீது குற்றச்சாட்டு ஏதுமின்றி ஆட்குறைப்பாக அனுப்பும்போது, ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் இந்த 240-இல் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தீர்ப்பளித்துள்ளது. ஆனால் அத்தனை நாள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு உங்களுடையது. வங்கிக் கணக்குப் புத்தகம், பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, ஷிப்ட் குறித்து வைத்த சிறு நோட்டு ஆகியவற்றில் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாட்களில் தீர்வு கிடைக்கவில்லையென்றால், நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்தை நாடலாம். முன்பு இதற்கு மூன்றாண்டுக் கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அதை இரண்டாண்டாகக் குறைத்துவிட்டது. ‘பேசி முடித்துக் கொடுக்கிறேன்’ என்ற மேஸ்திரியின் சொல்லை நம்பியே அந்தக் கெடுவைக் கடத்தியவர்கள் உண்டு.

கேள்வி: காலை 8.30 முதல் இரவு வரை ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன். ஒரு ஷிப்டுக்கு 520 ரூபாய் வீதம் 780 ரூபாய் தருகிறார்கள். இது சரியான கணக்கா?

பதில்: ஊர் வழக்கத்தில் சரி, சட்டப்படி தவறு. எட்டு மணி நேரத்துக்கு 520 என்றால் மணிக்கு 65 ரூபாய். மிகைநேர வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். ஆகவே கூடுதலான நான்கு மணி நேரத்துக்கு 130 வீதம் 520 ரூபாய் சேர்த்து, அன்றைய சம்பளம் 1,040 ஆக வேண்டும். நாளொன்றுக்கு 260 ரூபாய் குறைகிறது. ‘அரை ஷிப்ட்’ என்ற சொல்லே இந்தக் குறைவைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். குறைந்த சம்பளம் பற்றிய கோரிக்கையை மூன்றாண்டுகளுக்குள் எழுப்பலாம். கொடுத்துவிட்டோம் என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. காண்ட்ராக்டர் தராவிட்டால் கம்பெனியே பொறுப்பு.

கேள்வி: கோவையில் ஒரு ஃபவுண்டரியில் ஏழு ஆண்டு வேலை செய்தேன். போனஸ் கொடுத்தபோது வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அதை ராஜினாமா என்கிறார்கள். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) போய்விடுமா?

பதில்: போகாது. ஐந்தாண்டு முடித்தவருக்கு ராஜினாமாவானாலும் கிராஜுவிட்டி உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆண்டுகளாலும் பெருக்கிக் கணக்கிடுங்கள். நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் வர வேண்டும். கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதை இன்றே எழுத்தில் தெரிவித்து, அது ராஜினாமா என்பதை மறுத்துவிடுங்கள். காசோலை கொடுத்தால், ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்கலாம். ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்ற தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டியொன்றில் கணக்கு எழுதும் பெண் நான். நான்கு ஆண்டுக்குப் பிறகு காரணமின்றி நிறுத்திவிட்டார்கள். நான் தொழிற்சாலைத் தொழிலாளி இல்லையே?

பதில்: உங்களுக்கு 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்க முடியாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள்தான். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். நிறுத்திய தேதியிலிருந்து நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த வாரமே அங்கே செல்லுங்கள்.