பழைய டிவி கேமும் பழகாத கையும்: சால்டரிங் கேள்வி பதில்

குன்னூரில் ரேடியோவும் டிவியும் பழுதுபார்த்தே தலை நரைத்தவன் நான். மழை விடாத வாரங்களில் நம் மலைக்காரர்கள் பலர் பரணைக் குடைந்து பழைய டிவி கேம் பெட்டிகளை இறக்கியிருக்கிறார்கள். அவற்றைத் திறந்து, ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலையால் மாற்றங்கள் செய்யப்போய் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் இங்கே. நான்கு பேர் ஒன்றையே கேட்டிருந்தால் ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து: கேசட் போட்டு விளையாடும் எட்டு பிட் டிவி கேம். ஆன்டெனா வயர் செருகும் தகரப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஏவி வயர் வைக்கப் பார்க்கிறேன். காலையில் உருகுகிற ஈயம் மாலையில் உருக மறுக்கிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன்தான். கெட்டுவிட்டதா?

பதில்: அயர்ன் நன்றாகத்தான் இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு ஸ்டெபிலைசரின் முள்ளைப் பாருங்கள். ஊரே கெய்சரும் ஹீட்டரும் போடும் நேரம் அது. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத சாதாரண அயர்னின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 180 வந்தால் வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்திருக்கும், ஆனால் 25 வாட் அயர்ன் 15 வாட் அயர்னாகிவிடும். தகரப் பெட்டியின் கால்களோ போர்டின் பொது நெகட்டிவான கிரவுண்டோடு சேர்ந்தவை. நீங்கள் கொடுக்கிற சூட்டைத் தகரமும் அகலமான செம்புப் பரப்பும் குடித்துவிடும். இந்த ஒரு வேலைக்காவது 60 வாட் அயர்னை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், இல்லையேல் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஈயம் முழுதாக உருகாத காலைக் குறடால் பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம். என்னிடம் வரும் பாழான போர்டுகளில் பெரும்பாலானவை சூடு போதாமல், பொறுமையும் போதாமல், இழுத்துப் பாழாக்கியவை. சூடு அதிகமாகிக் கெட்டவை குறைவு.

ஊட்டியிலிருந்து: என்னிடம் வெப்பக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் ஸ்டேஷன் இருக்கிறது. சேகா கம்பெனியின் மெகா டிரைவ் டிவி கேமில் அடாப்டர் செருகும் சாக்கெட்டை மாற்ற வேண்டும். 350 டிகிரியிலும் கிரவுண்ட் கால் அசையவில்லை. 450 வைக்கலாமா?

பதில்: வேண்டாம். டிகிரியை ஏற்றுவதற்கு முன் அயர்ன் முனையில் மாட்டும் பிட்டை மாற்றுங்கள். ஊசி முனை பிட் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பார்க்க நுணுக்கமாக இருக்கும், ஆனால் காலைத் தொடும் இடம் கடுகளவு. அதன் வழியாகச் சூடு எவ்வளவு இறங்கும்? உளி போலத் தட்டையான, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலப் பிட்டைப் போட்டால் அதே 350இல் வேலை முடியும். முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள். எடுக்கப்போகிற இடத்தில் ஏன் சேர்ப்பது என்று தோன்றும். புது ஈயத்தோடு வரும் ஃப்ளக்ஸ் என்ற பிசின் பழைய ஆக்சைடை விலக்கிவிடும், உருகிய ஈயம் காலைச் சுற்றி நின்று சூட்டை உள்ளே இறக்கும். இரண்டு பக்கமும் பளபளவென்று உருகிய பிறகே உறிஞ்சும் பம்ப்பை எடுக்க வேண்டும்.

ஜனவரியில் ஊட்டி வீட்டு மேஜையில் கிடக்கும் போர்டு பத்து டிகிரியில் இருக்கும். தலைமுடி உலர்த்தும் டிரையரால் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு தொடங்குங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அரவங்காட்டிலிருந்து ஒரு மாணவர்: ஐயா, மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, ஈயமும் சீக்கிரம் உருகுமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது, அதனால்தான் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கிறது. உருகுநிலையைக் காற்றழுத்தம் அவ்வளவாக அசைப்பதில்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி மேட்டுப்பாளையத்திலும் தொட்டபெட்டாவிலும் 183 டிகிரியில்தான் உருகும். காரீயம் இல்லாத புது வகைக்கு 217 வரை போக வேண்டும். பழைய பெட்டிகளுக்குக் காரீயக் கம்பியே போதும், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சகோதரி: மகனுடைய டிவி கேமில் வயர் மாற்றும்போது செம்பு வட்டமே கழன்று வந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். நம் ஊரில் விற்ற மலிவுப் பெட்டிகளில் போர்டு பழுப்பு நிறத்தில் இருக்கும். அது காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து அழுத்தியது. பச்சை நிறக் கண்ணாடியிழைப் போர்டு போலச் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளாது. ஒரே இடத்தில் பத்து விநாடி அயர்னை அழுத்தினால் பசை விட்டுவிடும். அழுத்தவே கூடாது என்பதுதான் விஷயம். சூடு தொடுவதால் போகிறது, அழுத்தத்தால் ஒரு டிகிரிகூடக் கூடுவதில்லை.

கழன்ற வட்டத்திலிருந்து செம்பு ட்ராக் எங்கே போகிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அரை அங்குலம் தள்ளி, அதன் மேலிருக்கும் பச்சைப் பூச்சைப் பிளேடு நுனியால் மெல்லச் சுரண்டினால் செம்பு மினுங்கும். அங்கே ஃப்ளக்ஸ் தொட்டு, முதலில் ஈயம் மட்டும் பூசுங்கள். பிறகு மெல்லிய ஒற்றை இழை வயரை அங்கிருந்து பாகத்தின் காலுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பற்றவையுங்கள். வயரை ஒரு சொட்டுப் பசையால் போர்டோடு ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் நாளை வயர் இழுபடும்போது மிச்ச ட்ராக்கும் உரிந்து வரும். என் கடையில் முதன்முதலில் உரிந்தது என் அக்காள் மகனுடைய பெட்டி. அன்று அவன் அழுத அழுகைக்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

தலைகுந்தாவிலிருந்து: ஃப்ளக்ஸ் என்பது பைன் மரப் பிசின்தானாமே. எங்கள் ஊரில் மரமெல்லாம் வடிகிறது. நேரே எடுத்துப் பூசலாமா?

பதில்: பாதி சரி. பிசினைக் காய்ச்சி டர்பன்டைனை வடித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கட்டிதான் ரோசின். மரத்திலிருந்து நேரே எடுத்தால் டர்பன்டைனும் மரத்தூளும் எறும்பும் சேர்ந்து வரும். புகையும், தீப்பிடிக்கும், போர்டில் கோந்தாய் ஒட்டும். கடை ரோசினே மலிவு, அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மரத்தை விட்டுவிடுங்கள். குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் அமிலப் பேஸ்ட்டை எலெக்ட்ரானிக்ஸில் தொடவே தொடாதீர்கள். இன்று அழகாகப் பிடிக்கும், சில மாதங்களில் செம்பு பச்சை பூத்துவிடும்.

கூடலூரிலிருந்து: கழுவிய பின் போர்டில் வெள்ளை படிகிறது.

பதில்: ஜூலை மாதக் கூடலூரில் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? ஆல்கஹால் ஆவியாகும்போது போர்டு குளிர்ந்து காற்றின் ஈரம் மேலே படியும். பாதி கரைந்த ஃப்ளக்ஸோடு அது சேர்ந்தால் வெள்ளை. மருந்துக் கடையின் 70 சதவீதச் சரக்கை விட்டு 99 சதவீதத்தை வாங்குங்கள். பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு ஒரு குண்டு பல்பின் கீழ் வைத்துவிடுங்கள்.

மஞ்சூரிலிருந்து: கறுத்துப்போன பிட்டை அரம் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வெறும் செம்பு பிட்டானால் தேய்க்கலாம், தேய்த்தவுடன் ஈயம் பூசிவிட வேண்டும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பிட் என்றால் அது இரும்பு முலாம். அரம் பட்டால் அன்றோடு சரி.

வெலிங்டனிலிருந்து: வெளிநாட்டிலிருந்து வந்த, கையில் பிடித்து விளையாடும் சேகா கேம் கியரில் சத்தம் வருவதில்லை, திரை மங்கல். கப்பாசிட்டரைத் தொட்டால் மீன் வாடை. புது ஈயமும் ஒட்டவில்லை.

பதில்: வாடையே நோயைச் சொல்லிவிட்டது. 1990இல் வந்த அந்தப் பெட்டியின் குட்டிக் கப்பாசிட்டர்கள் கசிவதற்குப் பேர்போனவை. கசிந்த திரவம் சூடுபட்டால் மீன் நாறும், அது படிந்த செம்பில் ஈயம் உருண்டு ஓடும். பழையதை எடுத்ததும் ஆல்கஹாலால் கழுவுங்கள். ஃப்ளக்ஸ் போட்டுப் புது ஈயம் பூசி, செம்புப் பின்னலால் உறிஞ்சி, மறுபடி பூசுங்கள். செம்பு வெண்மையாய் மினுங்கிய பிறகே புதுக் கப்பாசிட்டர். ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது: அலுமினிய உருளையில் கறுப்புப் பட்டை நெகட்டிவ். டான்டலம் வகைக் கப்பாசிட்டர் போட்டால் அதில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா?

பதில்: மழைக்காலத்தில் பரவாயில்லை. பனி விழும் வறண்ட ஜனவரியில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி கேட்குமே, அது போர்டிலுள்ள ஐசி என்ற சில்லுக்கு எமன். பருத்திச் சட்டைக்கு மாறுங்கள்.

குன்னூரிலிருந்து: ஏவி வயர் வைத்து முடித்தேன். படம் வரவில்லை, அடாப்டர் சுடுகிறது. அயர்ன் உலோகத்தைத் தொட்டால் கை சுர்ரென்கிறது. ஐசி போய்விட்டதா?

பதில்: உடனே அடாப்டரைப் பிடுங்குங்கள். மீட்டரில் 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பீப் சத்தம் வந்தால் எங்கோ ஈயம் பாலம் கட்டியிருக்கிறது. அந்த 5 வோல்ட்டைத் தரும் ரெகுலேட்டரின் கால்களிலிருந்து தேடுங்கள். அநேகமாக அங்கேதான் இருக்கும். அயர்ன் சுர்ரென்றால் எர்த் இல்லை என்று பொருள். மூன்று பின் பிளக்கும், உண்மையாகவே எர்த் வருகிற பாயின்ட்டும் வேண்டும். டிவியோடு வயர் இணைந்திருக்கும்போது அந்த அயர்னால் போர்டைத் தொட்டிருந்தால் ஐசிக்கு ஆபத்துதான். உங்கள் பெட்டியில் ஐசி இருப்பது போர்டின் மேல் ஊற்றி இறுகிய கறுப்புப் பிசின் பொட்டுக்குள். அது போயிருந்தால் மாற்ற வழியில்லை. ஆனால் அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம். காலையில் வாருங்கள். மாலையானால் வோல்டேஜ் இறங்கிவிடும்.