கப்பல்கள் நீருக்கடியில் ஒலி எழுப்பித் திமிங்கலங்களை விலகச் செய்ய முடியாதா?

முடியாது என்பதே என் பதில். கப்பலில் அடிபட்ட திமிங்கலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஹாரன் இருந்தால் போதுமே என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மதுரைப் பக்கத்துச் செக்கானூரணியில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் விஞ்ஞானி அல்லன், ஆனால் சரக்குக் கப்பல்களில் 19 ஆண்டுகள் மாலுமியாக இருந்தவன்.

இலங்கையின் தேவேந்திர முனைக்குத் தெற்கே, விடியற்காலை வாட்சில் (கண்காணிப்புப் பணியில்), நீலத் திமிங்கலம் ஒன்று நேர் எதிரே மூச்சு விட்டதைக் கண்டு குரல் கொடுத்தேன். சீஃப் ஆபீசர் கப்பலின் ஹாரனை நீளமாக ஒலித்தார். காற்றில் எழும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உந்துவிசிறியோ கப்பலின் பின்புறத்தில் இருப்பதால், அதன் இரைச்சலையும் நேர் முன்னே இருக்கும் விலங்குக்குக் கேட்காதபடி கப்பலின் உடலே ஓரளவு மறைத்துவிடுகிறது. திமிங்கலம் மூழ்கியது, தப்பிவிட்டது என்று நம்பினோம். சற்று நேரத்தில் வேகம் குறைந்ததால் முன்முனைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். கப்பலின் மூக்கில் அது குறுக்காகக் கிடந்தது. தொண்டையின் நீண்ட வரிகள் அலை ஏறும்போதெல்லாம் விரிந்து விரிந்து மூடின. எஞ்சினைப் பின்னோக்கி இயக்கியதும் நழுவி இறங்கிவிட்டது.

நீருக்குள்ளேயே ஒலித்தால் என்ன என்று கேட்பீர்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அதைச் செய்து பார்த்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். எச்சரிக்கை ஒலியைக் கேட்ட 6 திமிங்கலங்களில் 5, இரை தேடுவதை விட்டு மேலே விரைந்து, நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றன. கண்ணுக்குத் தெரியாது, கப்பலுக்கு எட்டும். அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. லாரி ஹாரனைக் கேட்ட எங்கள் ஊர்க் கிடையாடுகள் ஓரத்துக்கு ஓடாமல் நடுச்சாலையில் ஒன்றாக நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது வியப்பாக இல்லை.

ஒலியால் பயன் உண்டு. நாம் எழுப்பும் ஒலியால் அல்ல, அவற்றின் குரலைக் கேட்பதால். பாஸ்டன் துறைமுகப் பாதையில் 2008 முதல், திமிங்கலக் குரலைக் கண்டறியும் மிதவைகளை நிறுத்திக் கப்பல்களுக்குத் தகவல் தந்தார்கள். அதே ஆண்டில், அமெரிக்கக் கிழக்குக் கரையின் சில பகுதிகளில் 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் குறிப்பிட்ட பருவங்களில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தார்கள். இலங்கைக்குத் தெற்கே எம்எஸ்சி என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கே தள்ளி அனுப்பத் தொடங்கியது.

எந்த இடத்தில் அடிபடுகின்றன என்ற பதிவு இருந்தால்தான் பாதையை மாற்றச் சொல்ல முடியும். அன்று எங்கள் கப்பலின் லாக் புக்கில், எஞ்சின் சிறிது நேரம் பின்னோக்கி இயக்கப்பட்டது என்று மட்டுமே எழுதினார்கள். நான் கேட்டதற்கு, உனக்குத் தேவையில்லாத வேலை என்றார்கள்.