ரெப்டன் நிலவறையும் புனித விஸ்டனும்: கேள்வி பதில்

கே: இங்கிலாந்தில் ஓர் ஆலயத்துக்கு ஆங்கிலோ-சாக்சன் (1066-ல் நார்மன்கள் வெல்வதற்கு முந்தைய காலத்து) புனிதரின் பெயர் இருந்தால் கட்டடமும் அந்தக் காலத்தது என்று கொள்ளலாமா?

கூடாது. பெயர் நிலைத்துவிடும், சுவர் நிலைக்காது. புனித போட்டால்ஃப் 7-ம் நூற்றாண்டுத் துறவி. ஆனால் லிங்கன்ஷயரின் பாஸ்டனில் அவர் பெயரில் நிற்கும் பெரிய ஆலயம் 14-ம் நூற்றாண்டில் எழும்பத் தொடங்கியது. லண்டன் ஆல்டுகேட்டில் இருப்பது 1740-களில் கட்டப்பட்டது. பெயரும் கல்லும் ஒரே காலத்தைச் சொல்லும் இடம் வேண்டுமானால் டெர்பிஷயரில் உள்ள ரெப்டனின் புனித விஸ்டன் ஆலயத்துக்குப் போங்கள்.

கே: அங்கே எதைப் பார்ப்பது?

பீடப்பகுதிக்கு அடியில் இருக்கும் நிலவறையை. 65 மீட்டர் உயரக் கோபுரம் பிற்காலத்தது; கண்ணை முதலில் இழுப்பதும் அதுதான். நிலவறை ஏறக்குறைய 5 மீட்டர் சதுரம். நடுவில் நான்கு தூண்கள், கயிறு சுற்றியது போலச் சுருள் வரி செதுக்கியவை. அவை தளத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே கல் வளைவுக் கூரை.

இது ஒரே மூச்சில் கட்டியதல்ல. 8-ம் நூற்றாண்டில் வெறும் சுவர்களோடு இருந்த அறை அது. தூண்களும் வளைவுக் கூரையும் 9-ம் நூற்றாண்டில் உள்ளே நுழைக்கப்பட்டவை. மெர்சியா என்ற ஆங்கிலோ-சாக்சன் நாட்டின் அரசன் விக்லாஃபின் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அதற்கும் பிறகு, மேற்கு மூலைகளில் சுவரை உடைத்து இரண்டு படிவழிகள் திறந்தார்கள். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வசதி. கூட்டம் வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கல்லறை திருத்தலமாக மாறியதை அந்த உடைத்த சுவரிலேயே படிக்கலாம். படிகள் குறுகியவை, தேய்ந்தவை. தட்டையான செருப்போடு இறங்குங்கள்.

கே: யார் அந்த விஸ்டன்?

விக்லாஃபின் பேரன். அரச பதவியை வேண்டாம் என்றவர். உறவினன் ஒருவன் விஸ்டனின் தாயை மணக்க முயன்றதைத் தடுத்ததால் 849-ல் கொல்லப்பட்டார் என்பது மரபு. பாட்டனாரின் கல்லறையான இந்த நிலவறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

கே: திருப்பண்டங்கள் (விஸ்டனின் உடல் எச்சங்கள்) இப்போதும் அங்கே உண்டா?

இல்லை. 11-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னன் காலத்தில் ஈவ்ஷாம் மடத்துக்குப் போய்விட்டன.

கே: ரெப்டனில் கிடைத்த வைக்கிங் எலும்புகளின் தேதியில் ஏன் குழப்பம் வந்தது?

873-74 குளிர்காலத்தில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து படையெடுத்து வந்த வைக்கிங் பெரும்படை ரெப்டனில் தங்கியது. ஆலயத்தையே வாயிலாக வைத்து, ஆற்றங்கரையில் D வடிவ அகழி வெட்டியது. அருகே ஒரு மேட்டின் அடியில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் கிடைத்தன. கூடவே 870-களின் வெள்ளிக் காசுகள். ஆனால் எலும்பில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முதல் கரிமக் காலக்கணிப்பில் சில எலும்புகள் அதைவிடப் பழையவை என்று வந்தது. காரணம் உணவு. கடலில் உள்ள கரிமம் பழையது. கடல் மீன் நிறையத் தின்றவர் எலும்பும் வயது கூடியதாகக் காட்டும். 2018-ல் அந்தப் பிழையைத் திருத்தியதும் கணக்கு 9-ம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒத்துப்போனது. எலும்பின் தேதியை எங்கு படித்தாலும் இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று பாருங்கள்.

கே: நிலவறை எப்படித் தப்பியது?

மறந்துபோனதால்தான். 1779-ல் சவக்குழி தோண்டிய தொழிலாளி கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தபோதுதான் வெளியே தெரிந்தது.

கே: மற்ற ஊர்களில் சாக்சன் சுவரை எப்படி அடையாளம் காண்பது?

கட்டடத்தின் மூலைகளில் தொடங்குங்கள். நெடுங்கல் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது படுத்தும் மாறி மாறி அடுக்கியிருந்தால் நல்ல அறிகுறி. அடுத்து, சன்னலின் தலை: வளைவுக்குப் பதில் இரண்டு கற்கள் கூரை போலச் சாய்ந்து முக்கோணமாக நிற்கிறதா? பிறகு கதவு நிலையில் நின்று சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். சாக்சன் சுவர் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் குறைவு, நார்மன் சுவர் அதைத் தாண்டும். ஒரே அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள்: பழைய கற்களைப் பிற்காலத்தவர் எடுத்து வேறிடத்தில் வைப்பது வழக்கம். ரெப்டனிலேயே நடுக்கூடத்தின் பழைய தூண்கள் இரண்டு இன்று தெற்கு வாசல் மண்டபத்தில் நிற்கின்றன.