கோயில் வாசல் கேள்வி பதில்

இந்த மாதப் பையில் வந்தவை பெரும்பாலும் ஒரே ஊர்க் கடிதங்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த மலேசியப் பட்டணம் அது. கடைத்தெருவில் கத்தோலிக்கப் பங்குக் கோயில், சுற்றுத் தோட்டங்களில் மாதம் ஒருமுறை பூசை நடக்கிற சிற்றாலயங்கள். கேள்விகளும் தூபக் கரியில் தொடங்கிக் கல்யாண ஓலை வரை போகின்றன.

கேள்வி: பூசையில் சாமியாருக்கு உதவுகிற பீடச் சிறுவர்களைப் பழக்குகிறேன். ஞாயிறு பெரிய பூசையில் தூபக்கலசம் எடுத்தாலே சங்கடம்தான். நற்செய்தி வாசிப்பதற்குள் கரி அணைந்துபோகிறது. அணையாத வாரத்தில் புகை மண்டி முன்வரிசைப் பாட்டிமார் இருமுகிறார்கள். வேறு கரி வாங்கலாமா?

பதில்: கரியைக் குறை சொல்லுமுன் அது இருக்கிற டப்பாவைப் பாருங்கள். வட்டக் கரி காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். உறையைப் பிரித்து அலமாரியில் போட்டுவிட்டால், நம் ஊர் மழை மாதத்தில் இரண்டே வாரத்தில் நமுத்துப்போகும். இறுக்கமாக மூடுகிற மைலோ டின்னில் வையுங்கள். அதற்குள் ஒரு பிடி பச்சரிசியைத் துணியில் முடிந்து போட்டால் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நமுத்த கரியைத் தட்டில் பரப்பி ஒரு நல்ல வெயில் காட்டினால் தேறிவிடும்.

பற்றவைப்பது பவனி கிளம்ப 15 நிமிடம் இருக்கும்போது. இடுக்கியால் பிடித்து விளிம்பை மட்டும் தீயில் காட்டுங்கள். பொறி சரசரவென்று மறுபக்கம் ஓடும். ஓடி முடிந்ததும் குழிவான பக்கம் மேலே இருக்கும்படி கலசத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற பொறுமை இல்லாததால்தான் பாதிக் கரி அணைகிறது. மேல் முழுக்கச் சாம்பல் நிறம் பூக்க 5 முதல் 10 நிமிடம் ஆகும். நடுவில் கறுப்பு தெரிகிறபோதே சாம்பிராணி போட்டால் அது உருகிப் பிசினாகப் படிந்து, பற்றாத இடத்தை மூடிவிடும். பிறகு எவ்வளவு ஊதினாலும் பிடிக்காது.

கலசத்தின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு உலர்ந்த மணல் போடுங்கள். பாத்திரம் கொதிக்காது, சாம்பலைக் கொட்டுவதும் சுலபம். சும்மா நிற்கிற நேரத்தில் மூடியை முழுக்க இறக்கிவிடக் கூடாது. காற்று போகாமல் கரி செத்துவிடும். ஒரு விரல் இடைவெளி விட்டு மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். காணிக்கை நேரத்துக்கு இரண்டாவது கரியை மறையுரையின்போது பற்றவைத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் தூள். தூளாகிப்போன சாம்பிராணி போட்டதும் ஒரே மூச்சில் புகைந்து தீரும். மிளகு அளவு மணிகளாக, அரைத் தேக்கரண்டி போதும். மளிகைக் கடையில் விற்கிற கப் சாம்பிராணி வேண்டவே வேண்டாம். அதில் மரத்தூளும் சாணித்தூளும் சேர்ந்திருப்பதால் வீட்டு வாசலுக்குச் சரி, சாத்திய கோயிலுக்கு ஆகாது. குந்திரிக்கம் கிடைத்தால் அதுவே மேல்.

ஆட்டுகிற கணக்கு: நற்கருணை, சிலுவை, நற்செய்தி நூல், குரு, மக்கள் எல்லாவற்றுக்கும் மூன்று முறை. வணக்கத்துக்கு வைத்த புனிதர் சுரூபத்துக்கு இரண்டு முறை. பூசை முடிந்ததும் கரியை மணல் வாளியில் கொட்டுங்கள். வெளியே வெளுத்த கரி உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். குப்பைத்தொட்டியில் போட்டால் காகிதம் பற்றும்.

கேள்வி: தம்பிக்குக் கல்யாணம். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவனுக்கு 1989இல் தோட்டத்துக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தது. இப்போது அந்தத் தோட்டம் வீடமைப்பாகிவிட்டது, கோயிலும் இல்லை. பதிவேடு எங்கே போயிருக்கும்?

பதில்: பதிவேடு எங்கும் போகவில்லை. தோட்டச் சிற்றாலயத்தில் தனிப் பதிவேடு வைக்கிற வழக்கம் இல்லை. மாதப் பூசைக்கு வந்த சாமியார் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, தம் பங்குக் கோயில் புத்தகத்தில் எழுதியிருப்பார். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "1989இல் அந்தத் தோட்டத்துக்கு எந்த ஊர்ச் சாமியார் வந்தார்?" என்பதுதான். தோட்ட வேலையை மேற்பார்த்த பழைய மண்டோர் வீட்டிலோ, தோட்டத்தில் ஜெபம் நடத்திய உபதேசியார் குடும்பத்திலோ விசாரித்தால் தெரிந்துவிடும். இடையில் பங்கு இரண்டாகப் பிரிந்திருக்கலாம். அப்போதும் பழைய புத்தகம் தாய்ப்பங்கில்தான் இருக்கும். புதுப் பங்கில் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர்.

பங்கே தெரியவில்லை என்றால் மறைமாவட்ட அலுவலகத்தைக் கேட்கலாம். பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக், கிளாந்தான் ஐந்தும் பினாங்கு மறைமாவட்டம். சிலாங்கூர், கோலாலம்பூர், நெகிரி செம்பிலான், பகாங், திரங்கானு ஆகியவை கோலாலம்பூர் உயர்மறைமாவட்டம். மலாக்காவும் ஜொகூரும் சேர்ந்தது இன்னொன்று. மாநில எல்லையோரத் தோட்டமாக இருந்தால் பக்கத்து மாநிலச் சாமியார் வந்து போயிருக்கவும் வாய்ப்புண்டு.

கையில் எழுதிக்கொண்டு போக வேண்டியவை: ஞானஸ்நானப் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் பெயர், தோட்டத்தின் பெயர். அடையாள அட்டைப் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது. அட்டையில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர் என்பது நம் பக்கம் சாதாரணம். தாத்தா, பாட்டி காலத்துப் பதிவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் புத்தகத்தில் பீட்டராக இருப்பார், சின்னப்பன் பாலாக, சூசை ஜோசப்பாக, அருளப்பன் ஜானாக. பிறந்த ஆண்டோடு அடுத்த ஆண்டையும் புரட்டச் சொல்லுங்கள். ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளைகள் அடுத்த ஆண்டுப் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

வீட்டுப் பெட்டியில் பழைய சான்றிதழ் கிடைத்தாலும் கல்யாணத்துக்கு அது உதவாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி கேட்பார்கள். உறுதிபூசுதலையும் திருமணத்தையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறித்துவைப்பது சட்டம். ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பதைப் புதுப் பிரதிதான் காட்டும்.

எங்குமே பதிவு இல்லையா? கலங்க வேண்டாம். திருச்சபைச் சட்டம் 876ஆம் எண்ணின்படி, யாருக்கும் பாதகம் வராத இடத்தில், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சி போதும். ஞானத்தாய் உயிரோடு இருந்தால் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். "எதற்கும் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிவிடலாம்" என்று உறவினர் யாராவது சொல்வார்கள். ஞானஸ்நானம் ஒருமுறைதான்.

இதோடு ஒன்று: மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது, அதாவது கல்யாணத்தை அறிவிப்பது வேறு, அரசாங்கப் பதிவு வேறு. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி பதிவுக்கு 21 நாள் அறிவிப்பு உண்டு. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் இரண்டு கணக்கையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவான எங்கள் அன்பியத்தில் 14 குடும்பம். வாராவாரம் வீடு மாற்றி ஜெபம். 30 பேர் வந்த இடத்தில் இப்போது 8 பேர். கேட்டால் தொழிற்சாலை ஷிப்ட் என்கிறார்கள். வீடு கொடுக்கவும் ஆளில்லை.

பதில்: ஷிப்ட் உண்மைதான். ஆனால் வீடு கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு. முதல் வீட்டில் தேநீரும் மீகூனும். அடுத்த வீட்டில் நாசி லெமாக். மூன்றாம் வீட்டில் கோழிக்கறி. நான்காம் வீட்டுக்காரர் சம்பள நாளைப் பார்க்கிறார், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார். தேநீர், ஒரு வகை பிஸ்கட், அதற்கு மேல் கிடையாது என்று கூட்டத்தில் பேசி முடிவெடுத்து, புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிற அட்டவணையின் தலைப்பிலேயே போடுங்கள். வசதியுள்ள வீடுதான் முதலில் இந்த விதியைக் கடைப்பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் வாரமே உடைந்துவிடும்.

ஷிப்டுக்கு ஒரே வழி, கிழமையை மாற்றிப் போடுவது. எப்போதும் புதன் இரவு என்றால் மாலை ஷிப்ட்காரர் அந்த வாரமெல்லாம் வர முடியாது. இரண்டு வாரம் புதன் இரவு 8 மணி, மூன்றாம் வாரம் ஞாயிறு மாலை 5 மணி என்று மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவான ஏழு படி முறை இதற்கு வசதி. ஆண்டவரை அழைத்து ஒரு சிறு ஜெபம். வரும் ஞாயிறு நற்செய்தியை இரண்டு முறை வாசிப்பது. மனத்தில் பட்ட ஒரு சொல்லை அவரவர் மூன்று தரம் நிறுத்தி நிறுத்திச் சொல்வது. ஐந்து நிமிட மௌனம். பகிர்வு. செய்யப்போகும் காரியம். முடிவில் சொந்த வார்த்தையில் மன்றாட்டு.

கெடுவது ஐந்தாவதிலும் ஆறாவதிலும். பகிர்வைப் பேச்சுத்திறமை உள்ள ஒருவர் பிரசங்கமாக்கிவிடுவார். "நாம் எல்லாரும் என்ன செய்ய வேண்டும் என்றால்" என்று தொடங்கினால் பிரசங்கம், "எனக்கு" என்று தொடங்கினால் பகிர்வு. வழிநடத்துபவர் இதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். ஆறாவது படியை நேரமாகிவிட்டது என்று தாண்டிவிடுகிறார்கள். அது போனால் அன்பியம் ஜெபக்கூட்டமாகச் சுருங்கிவிடும். இந்த வாரம் யார் வீட்டில் நோய், யாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகக் காடி வேண்டும், எந்த வீட்டில் அரிசி இல்லை என்று கேட்டுப் பெயரோடு பொறுப்பு கொடுங்கள். பொருளுதவி என்றால் வின்சென்ட் தே பால் சபைக்குச் சொல்லுங்கள். அவர்கள் இருவர் இருவராக வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். யார் வீடு என்பதை அன்பியத்தில் எல்லார் முன்னும் பேச வேண்டியதில்லை.

கேள்வி: தேசியப் பள்ளியில் படித்த எங்கள் இளைஞர்களுக்குத் தமிழ் பேச வரும், சரளமாக வாசிக்க வராது. வாசகத்தை மலாய் எழுத்தில் எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் என்போம். மலாய் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். "வாழ்வு" "வால்வு" ஆகும், கோயிலில் சிரிப்பு கிளம்பும். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது.

எடுத்ததும் முதல் வாசகம் கொடுக்காதீர்கள். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்று, மூன்று வரி, பெரிய எழுத்தில் அச்சடித்து. ஒரு மாதம் கழித்து வாசகம். புதன்கிழமையே தாளைக் கொடுத்து, உபதேசியார் வாசித்த குரல்பதிவைப் புலனத்தில் அனுப்புங்கள். கேட்டுக்கொண்டே தாளில் விரல் வைத்து வாசிக்கட்டும். நெபுகத்னேசர், தெசலோனிக்கர் போன்ற பெயர்களைப் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக் கொடுங்கள். மூச்சு விடும் இடத்திலும் ஒரு கோடு.

வாசக நூலில் சிவப்பு எழுத்தில் இருப்பது வாசிப்பதற்கு இல்லை. "முதல் வாசகம்" என்ற தலைப்பும் அதன்கீழ் உள்ள சுருக்க வரியும் அதில் சேர்த்தி. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்றே தொடங்க வேண்டும். முடிந்ததும் இரண்டு நொடி நிறுத்தி, தலை நிமிர்ந்து, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு." ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, தட்டிப் பார்ப்பது பூசைக்கு முன்பே.

ஞாயிறு வாசகங்கள் ஏ, பி, சி என்று மூன்று ஆண்டுச் சுற்றில் வருவதால், வேறு ஆண்டு வாசகத்தை வாசித்துவிடுகிற விபத்தும் நடக்கிறது. ஆண்டு எண்ணை 3ஆல் வகுங்கள். மீதி 1 வந்தால் ஏ, 2 வந்தால் பி, மீதியில்லை என்றால் சி. 2026 ஏ ஆண்டு. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே அடுத்த ஆண்டுக் கணக்கு தொடங்கிவிடும். வாசக நூலில் பக்கம் குறிக்கிற நாடாவை மாற்ற மறக்கிற நாள் அதுதான்.

கேள்வி: மனைவியின் தம்பி இந்து. பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஆசைப்படுகிறார்.

பதில்: முடியாது. ஞானத்தகப்பன் 16 வயது நிறைந்து, நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தகப்பனும் ஆகாது. ஒருவர் இருந்தாலே போதும், ஆணும் பெண்ணுமாக இருவர் கட்டாயமில்லை. மாமா என்கிற உறவுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சடங்கு முடிந்து பிள்ளையை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: காலை 7 மணிப் பூசைக்கு முன் கோப்பி குடித்தால் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

பதில்: நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு நன்மை வாங்கும் நேரத்திலிருந்து, பூசை மணியிலிருந்து அல்ல. 7 மணிப் பூசையில் நன்மை 7.45 வாக்கில் வரும் என்றால், 6.30க்கு முடித்த கோப்பிக்குத் தடையில்லை. தண்ணீரும் மருந்தும் எப்போதும் சாப்பிடலாம். முதியோருக்கும் நோயாளிக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் இந்தக் கணக்கே இல்லை.

கேள்வி: பீடத் துணி துவைக்கும் முறை என் வீட்டுக்கு வந்திருக்கிறது. மெழுகும் திராட்சை இரசமும் போக மாட்டேன் என்கிறது.

பதில்: அப்பத்தட்டுக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிக்கிற சதுரத் துணியையும், கிண்ணம் துடைக்கிற துணியையும் முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, செடி மண்ணில் ஊற்ற வேண்டும். பிறகுதான் சவர்க்காரம்.

இரசக் கறைக்குப் பச்சைத் தண்ணீர், உடனடியாக. சுடுதண்ணீரும் இஸ்திரிப் பெட்டியும் பட்டால் கறை நூலுக்குள் இறங்கிவிடும். மெழுகுக்கு நேர்மாறு: ஐஸ் வைத்து இறுக்கி, கரண்டிக் காம்பால் சுரண்டி, மேலும் கீழும் பழுப்புத் தாள் வைத்து மிதமான சூட்டில் தேயுங்கள். தாள் மெழுகைக் குடிக்கும். குடித்த தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். சதுரத் துணியை மூன்று மூன்றாக உள்பக்கம் மடித்தால் ஒன்பது கட்டம் வரும். அப்பத் துகள் உள்ளேயே நிற்பதற்குத்தான் அந்த மடிப்பு. கஞ்சி போடலாம், மெல்லியதாக.