மூடப் போன கேட் பாதியில் திரும்புகிறதா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கார் ஷெட் முன்னால் 12 அடி ஸ்லைடிங் கேட், முழுக்கத் தகரம் அடைத்தது. மோட்டார் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆனி பிறந்ததிலிருந்து தொல்லை. திறக்கும்போது ஒழுங்காகத் திறக்கிறது. மூடும்போது பாதியில் நின்று திரும்பத் திறந்துகொள்கிறது. சில நாள் ஒன்றும் செய்வதில்லை. மோட்டாரை இயக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். போர்டு பழுதானால் திறப்பதிலும் தகராறு வரத்தான் வாய்ப்பு அதிகம். மூடுவதில் மட்டும் பிரச்சினை என்றால், தூண்களில் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே இருக்கும் சென்சார்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான போர்டுகள் மூடும்போது மட்டுமே சென்சாரின் பேச்சைக் கேட்கும். நடுவில் ஏதோ நிற்கிறது என்று சென்சார் சொன்னால், கேட் திரும்பத் திறந்துவிடும்.

ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். சாரல் பெய்து ஈரமான காலையில் திரும்புகிறதா, மழையில்லாமல் காற்று மட்டும் அடிக்கும் மதியத்தில் திரும்புகிறதா? ஈரத்தில் என்றால் சென்சார். காற்றில் என்றால் கேட்டின் இரும்பு வேலை.

சென்சாருக்கு வருவோம். கேட்டுக்குக் கரென்ட் வரும் எம்சிபி சுவிட்ச்சை அணைத்துவிட்டு சென்சாரின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சிலந்தி வலை, எறும்பு முட்டை, கண்ணாடியின் உள்பக்கம் பனித்ததுபோல் நீர்த்துளி, இவற்றில் ஒன்று அநேகமாக இருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். ரப்பர் வாஷர் இறுகிப் போயிருந்தால் மாற்றுங்கள். வயர் மேலிருந்து நுழைந்தால் அதன் வழியே தண்ணீர் இறங்கும். கீழிருந்து நுழைத்து ஓட்டையை சிலிக்கான் வைத்து அடையுங்கள். மண்ணுக்குள் போகும் பைப்பில் வெறும் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் அதுவும் சாரல் காலத்தில் காலை வாரும். காலை அல்லது மாலை வெயில் நேராக ஒரு சென்சாரில் விழுந்தால், ஒளியை வாங்கும் சென்சாரையும் அனுப்பும் சென்சாரையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள்.

துடைத்தும் சரியாகவில்லையா? கரென்ட்டை அணைத்து, போர்டில் சென்சார் வயர் வரும் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் ‘காமன்’ (COM) என்ற பொது முனைக்கும் சின்ன வயர்த் துண்டு போட்டுவிட்டு, ஒரே ஒரு முறை மூடிப் பாருங்கள். கேட்டைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முழுதாக மூடினால் குற்றம் சென்சார் பக்கம். வயர்த் துண்டை உடனே எடுத்துவிடுங்கள். ‘இப்படியே ஓடட்டும்’ என்று விட்ட வீடுகள் உண்டு. அந்த கேட்டுக்குக் குறுக்கே குழந்தை நின்றாலும் தெரியாது.

அப்போதும் திரும்பினால், கேட் எங்கோ இறுகுகிறது. சாவி போட்டு மோட்டார் கிளட்ச்சை விடுவித்து, கையால் தள்ளுங்கள். ஒரு கையால் தள்ளினாலே கடைசிவரை ஒரே சீராக ஓட வேண்டும். முட்டும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அந்த இடத்தில் மழையில் வந்த மண்ணும் சரளையும் ட்ராக்கில் கெட்டித்திருக்கலாம். கோடு ஓரிடத்தில் நிற்காமல் மாறிக்கொண்டே வந்தால் சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்திருக்கும். திறக்கும் பக்கம் ட்ராக் லேசாகச் சரிந்திருந்தால், மூடுவது மேட்டில் வண்டி தள்ளுவது மாதிரி. இறுக்கம் மூடும்போது மட்டும் தெரிவதற்கு அதுவே காரணமாகலாம்.

உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று 12 அடித் தகரத்தைப் பாய்மரம் போலப் பிடித்து, கேட்டைச் சாயாமல் மேலே பிடித்திருக்கும் கைடு ரோலர்களோடு அழுத்திவிடும். மோட்டார் அதைத் தடை என்று எடுத்துக்கொள்ளும். ரோலருக்கும் கேட்டுக்கும் இரு பக்கமும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சுற்றாத ரோலரை மாற்றுங்கள். நிரந்தரத் தீர்வு என்றால், தகரத்தை எடுத்துவிட்டுக் காற்று போக இடைவெளி விட்ட பட்டைகள் அடிப்பதுதான்.

சக்கரம் தேய்ந்தால் கேட் இறங்கி, அதன் பாரம் மோட்டாரின் பல்சக்கரத்தில் உட்கார்ந்துவிடும். இரண்டு ஹேக்சா பிளேடை ஒன்றாகச் சேர்த்து, ரேக்குக்கும் (கேட்டின் அடியில் நீளமாக ஓடும் பல் வைத்த பட்டை) பல்சக்கரத்துக்கும் நடுவே செருகிப் பாருங்கள். கேட்டின் இரு முனையிலும் நடுவிலும் நுழைய வேண்டும். நுழையாத இடத்தில் ரேக் போல்ட்டைத் தளர்த்தி ரேக்கை மேலே ஏற்றுங்கள். ரேக்கில் கிரீஸ் தடவாதீர்கள். மண் ஒட்டிக்கொண்டு அரம் போல அராவும்.

போர்டில் மோட்டாரின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபோர்ஸ் திருகை ஏற்றிவிட்டுப் போகும் வழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். இறுக்கம் அப்படியே இருக்கும், கேட் மட்டும் ஆளை நசுக்கும் பலத்தோடு மூடும். இரும்பு வேலை முடிந்த பிறகு, மூடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவில் வையுங்கள். சென்சார் பார்வைக்கு மேலே வரும்படி ஸ்டூல்மேல் காலி அட்டைப்பெட்டி வைத்து மூடுங்கள். பெட்டி நசுங்கிச் சப்பையாகும் முன் கேட் திரும்ப வேண்டும்.

மோட்டார் உறுமிக்கொண்டு நகராமல் நின்றால் அது வேறு கதை, கெபாசிட்டரைப் பாருங்கள். பழைய கெபாசிட்டரின் உடம்பில் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் வாங்க வேண்டும். கரென்ட்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், முனைகளைத் தொடாதீர்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, சென்சார் சரி, கேட் கையால் லேசாக ஓடுகிறது, கிளட்ச்சை விடுவித்து மோட்டாரைத் தனியே ஓடவிட்டாலும் பாதியில் திரும்புகிறது என்றால், மெக்கானிக் சொல்வதை ஏற்கலாம். பழைய போர்டில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக் காட்டி அதையே கேளுங்கள். வயர் பைப் ஓட்டையை அடைத்துவிட்டே புதியதைப் பூட்டச் சொல்லுங்கள். எறும்பு போன வழியில் பல்லியும் போகும். வீட்டில் உள்ள ரிமோட் எல்லாவற்றையும் மெக்கானிக் கிளம்பும் முன் புது போர்டில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.